சுண்ணாம்புப் படகு

ரங்கூன்ல கீற என் மாமாவுக்கு,

நான் நல்லா கீறேன். இங்க மழை.

கிளிஞ்சல் பொறுக்கற பொம்பளைங்க சங்கம் சேர்ந்து, கடன் வாங்கி, சொந்தமா சூளை போட்டோமில்ல? மொத சுண்ணாம்பு வெந்துடுச்சு. பட்டணத்துக்கு ஏத்த, இதுவரைக்கும் நம்ம கிளிஞ்சல அடிமாட்டு வெலைக்கு வாங்கின காண்ட்ராக்டருக்குப் பயந்து ஒரு படகுக்காரனும் வரல. "சுண்ணாம்பு நனைஞ்சா பத்திக்கும், படகோட போயிடுவீங்கடி"ன்னு சிரிச்சானுங்க. பழைய படகு ஒண்ணு புடிச்சு, காலையில நாங்களே கால்வாயில தள்ளிவுட்டோம். மேல மூட நம்ம வூட்டுக் கூரையப் பிரிச்சேன். திட்டாத.

நான்தான் போறதா இருந்தேன். "வாயும் வயிறுமா கீற, எறங்குடி! நான் இன்னா சக்கரையா, மழையில கரையறதுக்கு?"ன்னு என்னைத் தள்ளிட்டு ஒரு கெழவி ஏறிக்கினா.

இப்ப மழை வலுத்துடுச்சு. திருவொற்றியூர் பக்கம், கால்வாய் மேல வெள்ளையா பொகை எழும்புதுன்னு சங்கத்து ராஜாத்தி வந்து சொன்னா. ஏதோ சூளைப் பொகைன்னேன். மழையில எவன் சூளை மூட்டுவான்?

எல்லாரும் ஓடிட்டாங்க. இந்த வயித்தோட என்னால ஓட முடியல. கை சும்மா இருக்க மாட்டேங்குது, அதான் எழுதறேன்.

மாமா, உங்கம்மாவுக்கு நீச்சல் தெரியுமா?

உன் பொண்டாட்டி