மூடி போடாத பானை

அன்பு மாறாத பாவா,

என் மனைவிக்கு அண்ணனாகப் பிறந்த நீங்கள், மேலே போய்ச் சேர்ந்த பிறகாவது என்னை நிம்மதியாக விடுவீர்கள் என்று நினைத்தேன். விடவில்லை.

என் மகள் சரோஜாவுக்கு நாலு மாசம். மசக்கை தாங்காமல் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். எதுவும் வயிற்றில் தங்குவதில்லை. "மாமா செய்வாரே, மரவள்ளிக்கிழங்கு மசியல், அது இருந்தா ரெண்டு வாய் துன்னுவேன்" என்றாள். காலையெல்லாம் ரேஷன் கடையில் நின்று அரிசி வாங்கி வந்த அப்பன் நான், அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

யுத்தத்தில் அரிசி கிடைக்காதபோது அரக்கோணத்திலிருந்து கிழங்கு மூட்டையோடு வந்து இறங்குவீர்கள். எங்கள் வாசலிலேயே பானையை ஏற்றி, மசித்து, புளிச்சகீரையோடு தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் உருட்டிக் கொடுப்பீர்கள். நான் மட்டும் "இதெல்லாம் ஒரு சோறா?" என்று உள்ளே போய்விடுவேன். கிழங்கின் மேல் கோபமில்லை பாவா. என் மகள் உங்கள் மடியில் உட்கார்ந்து தின்றாளே, அதுதான்.

அதனால் இந்த முறை நானே செய்யத் துணிந்தேன். கதவைச் சாத்தி, பானையையும் மூடி வேகவைத்தேன். தாலுகா ஆபீஸில் தோளில் டவாலிப் பட்டை போடுகிற சேவகன் வீட்டில் கிழங்கு வேகிறது என்று தெருவுக்குத் தெரியலாமா?

சரோஜா ஒரு வாய் வைத்தாள். துப்பிவிட்டாள்.

"கசக்குது நைனா. மூடி போட்டியா?"

"ஆங்."

"மாமா மூடியே போடமாட்டாரு. தெறந்து வெச்சு, ரெண்டு தண்ணி வடிச்சுக் கொட்டுவாரு. அப்பத்தான் கசப்பு போவும்."

"அதை எனக்குச் சொல்லலையே அவரு!"

"நீ எங்கே வாசலுக்கு வந்தே?"

உங்கள் தங்கை சிரித்துவிட்டாள். "செத்துப்போன எங்கண்ணன் மேலயுமா பொறாமை உங்களுக்கு?"

ஆமாம். என்ன செய்ய?

மறுநாள் வாசலில் அடுப்பு மூட்டினேன். மூடி இல்லை. மலைக்கோயிலுக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுக்காரர், "இன்னாங்க, டவாலியைக் கழட்டிட்டீங்களா?" என்றார். சரோஜா ஒரு தட்டு முழுக்கத் தின்றாள். வயிற்றில் தங்கியது.

"மாமா செஞ்சாப்பலயே கீது நைனா."

என் சமையலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அதிலும் உங்கள் பெயர்!

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த நாட்களில் எனக்கென்று ஓர் உருண்டை ஒதுக்கி வைத்துவிட்டு, நான் வருவேனா என்று கதவைப் பார்த்தீர்களா பாவா?

பேரப்பிள்ளை பிறந்து சோறு தின்னத் தொடங்கியதும் வாசலில் பானை ஏற்றுவேன். முதல் உருண்டையை உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஊட்டுவேன், இது சத்தியம். ஆனால் பிள்ளை உட்காருவது என் மடியில். அதை மட்டும் விட்டுத் தரமாட்டேன்.

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு,
இன்னும் பொறாமை தீராத,
மச்சான்