ஜன்னலில் இருந்து ஒரு திருத்தம்

அன்புள்ளவருக்கு,

சிறையில் கடுங்குளிராமே? கம்பளிச் சட்டை கைக்கு வந்ததா?

நம் மகள் தீமா கவிதை சொல்லவோ, வீட்டைவிட்டு வெளியேறவோ கூடாதென்று கோர்ட்டில் உத்தரவு. மீறினால் அவளுக்கும் சிறைதான்.

நேற்று மாலை நம் ஹைஃபா தெருவே ஜன்னலுக்குக் கீழே திரண்டு அவள் கவிதையைச் சொன்னது. ரொட்டிக்கடை அபூ வஹீப் தொண்டை கிழியக் கத்தினார்: "அப்பா வந்தால் கதவைத் திறப்பேன்!"

தீமா ஜன்னலைத் திறந்தாள். பதறிப்போய் அவள் கையைப் பிடித்தேன்.

"விடும்மா! மாமா, ரொட்டியத்தான் கருக்குறீங்க, என் கவிதையையுமா? 'வந்தால்' இல்ல, 'வரும்போது'!"

தெருவே சிரித்தது. பிறகு எல்லோரும் அவள் திருத்தியபடியே சொன்னார்கள். இந்தத் தைரியம் இவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

இத்தனை நாள் என் வாயில் வராத அந்த 'வரும்போது' என்ற சொல்லை நானும் அவள் பக்கத்தில் நின்று உரக்கச் சொன்னேன்.

உங்கள் மனைவி