சாணியில் ஊறிய சைலன்சர்

வால்சால்
4 மார்ச் 1991

அன்புள்ள பெர்சிக்கு,

மாதிரி பார்க்க வேண்டும் என்று போன வருஷத் தொடக்கத்தில் என் 1929 மோட்டார் சைக்கிளின் சைலன்சரை வாங்கிப்போனாய். அதை நீ வைத்துக்கொண்டு, நீயே செய்த போலியை அசல் என்று எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை அதைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டேன். அறுபது வருஷம் புகை குடித்த குழாயிலிருந்து கரியும் எரிந்த எண்ணெயும் தார் மாதிரிக் கழன்று வர வேண்டும். இதிலிருந்து வந்தது டீ நிறத்தில் தண்ணீர். அடியில் வைக்கோல் துணுக்கு. மூக்கைக் கொண்டுபோனேன். குதிரைச் சாணி! புது இரும்பைப் புதைத்துத் துருப்பிடிக்க வைத்துப் பழசாகக் காட்டும் தந்திரம். மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் அன்றைக்கு ரொட்டியைக் கையால் தொட மனம் வரவில்லை.

உன் ஷெட்டுக்கு எதிரே லாயம் வைத்திருக்கும் டக்ளஸைப் போனில் கூப்பிட்டேன்.

"பெர்சியா? அஞ்சு மூட்டை சாணி வாங்கிட்டுப் போயிட்டாரும்மா. என்ன, ரோஜாப் போட்டிக்கு நிக்கிறாரா?"

"அவன் குடியிருக்கிறது மூணாவது மாடியிலப்பா."

"அப்ப குளிக்கிறதுக்கா இருக்கும்!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்து மூட்டையில் ஒன்று எனக்கு. மீதி நான்கு? போன வருஷம் 'பழைய கொட்டகையில் கிடைத்தது' என்று நீ நம் பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்துக்குக் கொண்டுவந்து உறுப்பினர்களுக்கு விற்ற சைலன்சர்கள் நான்கு. அவை 1929-இல் செய்தவைதான் என்று சங்கத்தின் பரிசோதகராகச் சான்றில் கையெழுத்துப் போட்டவள் நான்.

என் சைலன்சர் எங்கே?

எனிட் ட்ரான்டர்


ஸ்டஃபர்டு
9 மார்ச் 1991

என் அன்பு எனிட்,

முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முப்பது வருஷம் பழகியவனிடம் போலீஸ்காரர் மாதிரிக் கேட்டுவிட்டாயே.

உன் சைலன்சர் இரண்டு பாதியாக என் ஷெட்டில் இருக்கிறது. உள்ளே தடுப்புத் தகடுகளை எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று அறுக்காமல் எப்படித் தெரியும்? சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

ஆனால் அந்த நான்கையும் வாங்கிய நான்கு பேரை நினைத்துப்பார். பத்து வருஷமாகக் கண்ட குழாயை மாட்டிக்கொண்டு ஓட்டினார்கள். அவர்களில் ஹாரல்டு, வண்டியைக் கிளப்பிய முதல் உதையிலேயே கண் கலங்கி, "இதுதான்டா சத்தம்! எங்க அப்பா வண்டிச் சத்தம்!" என்று என்னைக் கட்டிக்கொண்டான். நான் செய்தது என்று சொல்லியிருந்தால், "அட, நகலா?" என்று மூக்கைச் சுளித்திருப்பான். உன் கண்ணே ஏமாந்தது என்றால் என் வேலையைக் கொஞ்சம் மெச்சவும் செய்யலாம்.

நீயும் நானும் பேசாமல் இருந்தால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஈஸ்டருக்கு வா.

மாறாத அன்புடன்,
பெர்சி


வால்சால்
12 மார்ச் 1991

பெர்சி,

உன் கைவேலை நல்ல வேலை. அதனால்தான் அருவருப்பு இன்னும் அதிகமாகிறது. உன் பெயரைப் பொறித்திருந்தால் முதல் ஆளாக நானே ஒன்றை வாங்கி மாட்டியிருப்பேன். நீயோ மூடிப்போன தொழிற்சாலையின் முத்திரையை அடித்துச் சாணியில் புதைத்தாய். அறுத்ததைக்கூடப் பொறுப்பேன். கேட்டிருந்தால் ரம்பத்தின் மறுமுனையை நானே பிடித்திருப்பேன்.

என் கண் ஏமாறவில்லை. வேறு யார் கொண்டுவந்தாலும் டார்ச் அடித்து, உள்ளே விரல் விட்டுப் பார்ப்பேன். உன்னுடையதைப் பார்க்கவே இல்லை, நீ கொண்டுவந்தது என்பதால். அசலையும் போலியையும் பிரித்தறிய எந்தப் பள்ளியிலும் நான் படிக்கவில்லை. முலாம் பூசும் பட்டறையில் அமிலப் புகைக்குள் நின்று கற்றுக்கொண்டு, அந்த ஒரு கையெழுத்துக்கு மதிப்பைச் சம்பாதித்தேன். அதில்தான் நீ கையைத் துடைத்திருக்கிறாய்.

இனி நடக்க வேண்டியவை. என் சைலன்சரின் இரண்டு பாதிகளையும் உள் தகடுகளையும், துடைக்காமல், ஒரே பெட்டியில் நீ அனுப்ப வேண்டும். ஒட்டுவது என் வேலை. முத்திரை அச்சை 23-ஆம் தேதிக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து எல்லார் முன்னிலும் நீயே சுத்தியலால் நசுக்க வேண்டும். நான்கு சைலன்சர்களிலும் அந்த முத்திரையை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு உன் பெயரைப் பொறிக்க வேண்டும். வேண்டாம் என்பவரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். ஹாரல்டிடம் மட்டும் கூட்டத்துக்கு முன்பே வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடு. நான்கு சான்றுகளையும் கிழிக்க வேண்டியவர் சங்கச் செயலாளர். உள்ளே பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று அதே கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டு, பரிசோதகர் பதவியிலிருந்து விலக வேண்டியவள் நான்.

எ. ட்ரான்டர்