ரோஸியின் விரல் ரேகை

நவம்பர் 12, வியாழன்.

தோல் கம்பெனியில் தொழிலாளர்களுக்கு நான் நடத்திய கம்ப்யூட்டர் வகுப்பு இன்று முடிந்தது. ஒழுங்காக வந்தவர்களுக்குத்தான் இனி புது மெஷின்களில் வேலை; மற்றவர்களுக்கு வேலையே இல்லை. ரோஸி ஒரு நாளும் தவறவில்லை. ஆனால் இருபது வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டியதில் அவள் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. வருகைப்பதிவு மெஷின் அவளை ஏற்பதேயில்லை.

மாலையில் கம்பெனி அதிகாரி மெஷின் தந்த பட்டியலை நீட்டினார். ரோஸி பெயருக்கு நேரே 'வரவில்லை' என்றே இருந்தது. தினமும் நான் கையால் வருகை குறித்த நோட்டு பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வாசலில் ரோஸி சிரித்தாள். "மெஷினுக்குத்தான் கண்ணு இல்ல சார். உங்க நோட்டுல நான் இருக்கேன்ல, அது போதும்."

தலையாட்டினேன்.

எட்டு மணிக்கு அதிகாரி போன் செய்தார். "நோட்டு ஒண்ணு வச்சிருக்கீங்களாமே சார்? அந்தம்மா சொல்லிச்சு. காலைல ஒம்போதுக்குக் கொண்டாந்து குடுத்துடுங்க. ரெண்டு பதிவு எதுக்கு?" குரலில் கோபமே இல்லை.

சரி என்றேன்.

ஜெராக்ஸ் கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதனால் நோட்டில் உள்ளதை இந்த டைரியிலேயே எழுதி வைக்கிறேன். இதை யாரிடமாவது காட்டும் தைரியம் எனக்கு வருமா, தெரியவில்லை.

அக்டோபர் 5, திங்கள். ரோஸி வந்தாள்.
அக்டோபர் 6, செவ்வாய். வந்தாள்.
அக்டோபர் 7, புதன். மழை. வந்தாள்.