ஜூன் ஒன்றாகிப் போன ஜனவரி ஆறு

4-12-1997, வியாழன்

இல்லை, கம்ப்யூட்டர்தான் மாற்றியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. இன்டர்வியூவுக்கு அழைக்க வேண்டியவர்களின் அட்டவணையில் 6-1-98 என்று நாள் முன்னால் இருந்தது. கம்ப்யூட்டரில் அதைக் கடிதத்தோடு இணைத்தபோது மாதம் முன்னால் போய் 1/6/98 ஆகிவிட்டது. பதின்மூன்றாம் தேதியாக இருந்திருந்தால் கண்ணை உறுத்தியிருக்கும். நான் பெயர்களை மட்டும் சரிபார்த்துவிட்டு நாற்பத்தைந்து கடிதங்களையும் தபாலில் சேர்த்தேன்.

இன்று முடிச்சூரிலிருந்து ஒருவர் அந்த இன்டர்வியூ கடிதத்தோடு மறைமலை நகரில் உள்ள எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"மேடம், ஜூன் ஒண்ணாந்தேதின்னு போட்டுகீது. அதுவரைக்கும் லாரி ஓட்டிகினு இருக்கட்டா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஜனவரி ஆறு என்றேன். சிரிப்பு நின்றது.

மேனேஜரிடம் சொன்னேன்.

"போன் நம்பர் கொடுத்தவங்களுக்கு மட்டும் சொல்லிடும்மா. திருத்தி லெட்டர் போட்டா மேல வரைக்கும் தெரிஞ்சிடும். உனக்கு இந்த மாசம்தான் கன்ஃபர்மேஷன், ஞாபகம் வச்சுக்கோ."

போன் உள்ளவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் ஜூனுக்காகக் காத்திருப்பார்கள். அதற்குள் என் வேலை நிரந்தரமாகியிருக்கும். அவர் சொன்னதும் எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. ஒரு நொடிதான். ஆனால் எழுந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பதினொரு பேருக்கும் போனில் சொல்லிவிட்டு, மாலையில், இன்று வந்தவர் போக, போன் இல்லாத மற்றவர்களின் முகவரிகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். முப்பத்து மூன்று அஞ்சலட்டைகளில் 'ஜனவரி ஆறு, காலை பத்து மணி' என்று எழுத்தாலேயே எழுதினேன். கீழே என் பெயரைப் போட்டேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் உள்ள தபால் பெட்டியில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்தேன்.