நீங்கள் அறுத்தெறிந்த சாரி கார்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதிவிட்டு அழிக்க நினைத்தேன். பழகிய கை, விட்டுவிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இது பாசத்தில் எழுதும் கடிதம் இல்லை.

உங்கள் பைக்கை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். “பொம்பள தொடுற வண்டியில்ல” என்று சாவியை இடுப்பிலேயே வைத்திருந்தீர்களே, அதே பைக். எல்கடுவையிலிருந்து அம்மாவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த இடது முழங்காலோடு அவளால் பஸ் படி ஏற முடியவில்லை. பைக்கில் ஏற அம்மா ஒன்றுதான் கேட்டாள்: “சாரி கார்ட் பூட்டு. இல்லாட்டி ஏற மாட்டேன்.”

பன்னிரண்டு வருடத்துக்கு முன் தேயிலை பெக்டரி வளைவில், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்த அம்மாவின் சேலை சக்கரத்தில் சிக்கி அவளை இழுத்துப் போட்டது. சேலை சிக்காமல் பின்சக்கரத்தை மறைக்கும் கார்ட் இருந்ததாம், விழுந்த வேகத்தில் பிய்ந்து பள்ளத்துக்குள் போய்விட்டதாம், அம்மாவுக்குத்தான் முந்தானையைச் சுருட்டிப் பிடிக்கத் தெரியவில்லையாம். ஊர் முழுக்க இதைத்தானே சொன்னீர்கள்? நானும் நம்பினேன். பதினாலு வயதில், கட்டுப் போட்ட காலோடு கிடந்தவளைப் பார்த்து, “ஒழுங்கா ஒக்காந்திருக்கலாந்தானே?” என்று கேட்டேன்.

போன சனிக்கிழமை மாத்தளையில் பாரூக் நானாவின் கராஜுக்குப் போனேன். உங்கள் பைக்குக்குப் புதுக் கார்ட் எங்கேயும் இல்லை. உடைத்து விற்க வந்த ஒரு பழைய பைக்கிலிருந்து சாரி கார்டும், முன்னால் பூட்டும் லெக் கார்டும் கழற்றி வைத்திருந்தார். வளைந்திருந்த லெக் கார்டைத் தட்டி நிமிர்த்திப் பூட்டினார். சாரி கார்ட் கீழ் நட்டுக்குச் சரியாக வந்தது. மேலே அதைப் பிடிக்க வேண்டிய இரும்புத் துண்டு பைக்கில் இல்லை. குனிந்து அந்த இடத்தில் பைக்கின் இரும்புச் சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“தங்கச்சி, இத யாரு அறுத்த?”

“அறுக்கல நானா. எக்சிடன்ட்ல பிஞ்சிருச்சு.”

“பிஞ்சா இரும்பு கிழிஞ்சு நிக்கும். இது இரும்பு அறுக்கிற வாளால அறுத்து, அரம் போட்டு, கறுப்புப் பெயின்ட்டும் அடிச்சிருக்கு.”

பேட்டரி வயரைக் கழற்றி வைத்துவிட்டு, கார்டைப் பிடிக்கப் புதிதாக இரண்டு இரும்புத் துண்டுகளை வெல்ட் பண்ணினார். நான் வெளியே நின்றேன். விழுந்த பிறகு அறுத்திருப்பீர்களோ என்று அப்போதும் உங்களுக்காகக் காரணம் தேடினேன். வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். அம்மா கார்டை அசைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“விழுறதுக்கு ஒரு மாசம் முந்தி அறுத்தாரு. கார்ட் இருந்தா கெழவன் வண்டின்னு கூட வேல செய்றவங்க சிரிச்சாங்களாம். அறுக்கையில வண்டி ஆடாமப் புடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான்.”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா யாரு நம்புவா? நீயே அப்பா பக்கந்தானே நின்ன.”

அந்தப் பெயின்ட்டை எப்போது அடித்தீர்கள் அப்பா? அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதா? நொண்டிக்கொண்டே தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டியவளிடம், ஒரு நாளாவது உண்மையைச் சொல்ல வாய் வந்ததா?

உங்கள் சாவு வீட்டில்கூட நாவுலை அத்தை, “என் தம்பிய ஊர் பேச வச்சவ, ஒக்காரத் தெரியாதவ” என்றாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இப்போது, அத்தையிடம் போய் நான் கேட்கிறேன் என்றேன்.

“நீ கேக்க வேணாம்,” என்றாள் அம்மா. “நானே சொல்றேன். நீ என்னயக் கொண்டுபோய் வுடு.”

ஞாயிற்றுக்கிழமை நாவுலைக்குப் போகிறோம். அத்தை அழுவாள். செத்தவனைப் பற்றிப் பேசாதே என்பாள். பிறகு என் முகத்தைப் பார்ப்பாள், நான் எப்போதும் உங்கள் கட்சிதானே. உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அம்மா சொல்லி முடிக்கும்வரை அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். உங்களுக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

உங்கள் பேச்சை நம்பி வளர்ந்த மகள்,
ஜெயந்தி