குழாய் எடுத்த நாள்

ஏனுங்க மாமா,

நம் பையன் இன்று பால் குடித்தான்! மூக்குக் குழாயை எடுத்ததும் என் மாரைப் பிடித்து வலிக்க வலிக்க உறிஞ்சினான். "போதுஞ்சாமி, அம்மாவ உடு" என்று நர்ஸக்காவே சிரித்துவிட்டார்!

பிறந்த வாரமே காய்ச்சல் கண்டு அவன் மூக்கு கருத்ததே, "அப்பனாட்டமே கருத்த மூக்கு" என்று அத்தைகூடப் பூரித்தார்களே. அது சிக்குன்குனியாவாம். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றியதாம்.

என் காய்ச்சலைச் சொன்ன பிறகுதான் டாக்டருக்கே பிடிபட்டது. பிரசவத்துக்கு முன்னால் நீங்கள் மிளகு பறிக்கப் போயிருந்த அந்த இரண்டு நாள்தான் எனக்குக் காய்ச்சல். சொன்னால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவீர்கள் என்று மறைத்துவிட்டேன். காலேஜ் படித்தவள் செய்கிற காரியமா?

திட்டுங்கள், ஆனால் நாளை முதல் பஸ்ஸில் வந்து திட்டுங்கள். இதோ, பசியென்று வார்டே அதிரக் கத்துகிறான். வாரேன்.

உங்கள் மகனின் அம்மா